வரச் சொன்னவர்கள், போக மறுக்கலாமா?

"நமக்கு என்னாத்துக்கு அண்ணே அடுத்தவன் சண்டை?"

காசாவுக்கு அமைதிப்படை என்ற பேச்சு செய்தியில் எழும்போதெல்லாம் செபராங் ஜெயாவில் இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. கருமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுப் பசியாற உட்காரும் கடையில் கேட்கிறது. பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து வரும் தம்பிகள் கேட்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வருபவர்களும், கூட்டத்தின் முகம் பார்த்து, இதையே திருப்பிச் சொல்கிறார்கள். மலேசியா சின்ன நாடு, ஐநா கூப்பிட்டாலும் வேறு யார் கூப்பிட்டாலும் நம் வீரர்கள் வெளிநாட்டு மண்ணில் நிற்கக் கூடாது, எந்தக் கூட்டுப் படையிலும் நாம் பெயர் கொடுக்கக் கூடாது என்பது இவர்கள் நிலைப்பாடு. மற்ற இனத்தவரும் இதைச் சொல்கிறார்கள். நம்மவர்கள் கூடுதலாக ஒரு வரி சேர்ப்பார்கள்: "அமைதிப்படைன்னா என்னான்னு தமிழனுக்குத் தெரியாதா?" அந்த வரி வந்ததும் மேசை அமைதியாகிவிடும். அதற்குமேல் யாரும் பேசுவதில்லை.

நானும் பல வருடம் பேசாமல் இருந்தேன். இப்போது பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த வரிதான் இந்த வாதத்தின் உயிர். அதுவே இதன் பெரிய தவறும்.

அதற்கு முன் "யாரோடும் சேராத நாடு நாம்" என்பதைப் பார்த்துவிடலாம். இதைச் சொல்பவர் நம் ஊர்க்காரராக இருந்தால் எனக்கு வருத்தம் கூடுகிறது. நம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும் போர் விமானங்கள் இறங்கும் பட்டர்வொர்த் தளத்தில்தான் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் கூட்டுத் தலைமையகம் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் 1971 நவம்பர் 1 முதல் அதில் இருக்கின்றன. அதே மாதம் 27-ஆம் தேதி, தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் உள்ள வட்டாரமாக வேண்டும் என்ற பிரகடனம் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இரண்டும் ஒரே மாதம். இந்த நாட்டை நடத்தியவர்கள் நடுநிலை என்றால் கதவைச் சாத்திக்கொள்வது என்று ஒருபோதும் நினைத்ததில்லை. கம்யூனிசத்தை எதிர்க்க 1954-இல் மணிலாவில் பிறந்த சீட்டோ கூட்டணியில் மலாயாவைச் சேர்க்காத துங்கு அப்துல் ரஹ்மான், 1960-இல் ஐநா கேட்டபோது காங்கோவுக்குப் படை அனுப்பினார். ஒரு வல்லரசின் தோளோடு தோள் நின்று இன்னொன்றை எதிர்க்கும் கூட்டணி வேறு, அடித்துக்கொள்ளும் இருவருக்கு நடுவில் நிற்கும் படை வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சின்ன நாடு என்கிறீர்களே, அன்றைய மலாயா எப்படி இருந்தது? ஐநாவில் உறுப்பினராகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பன்னிரண்டு வருட அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் தேதிதான் முடிந்தது. தோட்டத்து மக்களைக் கம்பி வேலிக்குள் வைத்திருந்த காலத்தின் காயம் ஆறவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கர்னல் அப்துல் ஹமிட் பிடின் தலைமையில் மலாயா சிறப்புப் படை ஆப்பிரிக்காவில் நின்றது. 1963 வரை நின்றது. இன்று நாம் அதைவிடச் சின்ன நாடாகிவிடவில்லை.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

1987 ஜூலை 29-ஆம் தேதி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி அந்தப் படை அதே மக்கள் நடுவே போரைத் தொடங்கிவிட்டது. இடையில் எழுபத்து மூன்று நாள்தான். அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 21. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் செத்திருந்தார்கள். திரும்பி வந்தவர்களை வரவேற்கப் போகத் தமிழக முதல்வர் கருணாநிதி மறுத்தார். நான்கு வருடம் கழித்து 'அமைதிப்படை' என்று மணிவண்ணன் ஒரு படத்துக்குப் பெயர் வைத்தபோது, அந்தச் சொல்லின் கசப்பை யாரும் தமிழனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நல்ல சொல்லை நம் மொழியில் கொன்றுவிட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குகிறோம் என்பதில்தான் பிழை. அங்கே போனது ஐநா படையா? இல்லை. அமைதி காப்புப் பணிக்கென்று ஐநா பல ஆண்டு அடிபட்டு உருவாக்கிய நெறிகள் மூன்று: சண்டையிடும் தரப்புகளின் சம்மதம் வேண்டும், யார் பக்கமும் சாயக் கூடாது, தற்காப்புக்கும் ஒப்படைத்த பணியைக் காப்பதற்கும் தவிர ஆயுதத்தை எடுக்கக் கூடாது. கொழும்பு ஒப்பந்தத்தை இந்த மூன்றின் மேலும் வைத்துப் பாருங்கள். கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். எந்தத் தமிழர் பிரச்சினைக்காக அது எழுதப்பட்டதோ அந்தத் தமிழர் தரப்பின் கையெழுத்து அதில் இல்லை. படை அனுப்பியது பக்கத்து வீட்டு வல்லமை; ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிய நாடு அது. சொந்த நலன் இருந்தவன் நடுவனாக வந்தான். பிறகு அவனே சண்டைக்காரனாகவும் ஆனான்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து மனிதன் அன்று யாரிடம் முறையிட முடிந்தது? படைத் தளபதி டில்லிக்குப் பதில் சொன்னார். டில்லி யாருக்கும் பதில் சொல்லவில்லை. பல நாட்டு வீரர்கள் ஒன்றாக நிற்கும் படையாக இருந்திருந்தால் ஒருவன் செய்வதை இன்னொருவன் பார்த்திருப்பான். ஐநா பாதுகாப்பு மன்றத்தின் ஆணையோடு வந்திருந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை நியூயார்க்கில் அறிக்கை வைக்க வேண்டியிருந்திருக்கும். ஆணையைப் புதுப்பிக்க வாக்கெடுப்பு நடந்திருக்கும். அந்தத் தீபாவளி நாளில் மருத்துவமனைக்குள் இருந்தவர்களுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. ஆகவே 1987 நமக்குச் சொல்வது, தனி ஒரு நாடு தன் வசதிக்கு அமைதிப்படை அனுப்பக் கூடாது என்பதுதான். அதையே எடுத்துக்கொண்டு பல நாடுகள் சேர்ந்து, விதிகளுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் படையை எதிர்ப்பது, போலி மருத்துவனிடம் ஏமாந்தவன் ஊருக்கு மருத்துவமனையே வேண்டாம் என்று சொல்வதைப் போன்றது.

இப்போது 2009-க்கு வாருங்கள்.

இலங்கைப் போர் முடிந்த அந்த ஏப்ரல், மே மாதங்களில் நாம் என்ன கேட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். கோயில் மண்டபங்களில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். கோலாலம்பூர் வரை பேருந்து பிடித்துப் போய்த் தூதரகங்களின் வாசலில் மனு கொடுத்தோம். அந்த மனுக்களில் இருந்தது ஒரே கோரிக்கை. உலகம் தலையிட வேண்டும், யாராவது நடுவில் வந்து நிற்க வேண்டும். லண்டனிலும் டொரண்டோவிலும் சாலையில் உட்கார்ந்த தமிழர்கள் கேட்டதும் அதுதான். "நமக்கு என்னாத்துக்கு அடுத்தவன் சண்டை" என்று அன்று நார்வேக்காரனோ கானாக்காரனோ சொல்லியிருந்தால் நாம் அவனை என்ன சொல்லியிருப்போம்?

சொல்லத்தான் செய்தார்கள். 2002 போர் நிறுத்தத்தைக் கண்காணிக்க நார்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் வந்திருந்தார்கள். ஆயுதம் இல்லாதவர்கள், கையில் குறிப்பேடு மட்டும் உள்ளவர்கள். 2008 ஜனவரியில் இலங்கை அரசு போர் நிறுத்தத்தை முறித்துக்கொண்டதும் எஞ்சியிருந்தவர்களும் போய்விட்டார்கள். அந்த செப்டம்பரில் ஐநாவின் வெளிநாட்டு ஊழியர்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் அலுவலக வாயிலில் மக்கள் கூடி நின்று, போகாதீர்கள், நீங்கள் போனால் எங்களைக் கொன்றுவிடுவார்கள் என்று கெஞ்சினார்கள். அவர்கள் போனார்கள். அதன்பின் வன்னியில் நடந்ததைப் பார்க்க வெளிக் கண்கள் மிகக் குறைவு. நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐநா நியமித்த வல்லுநர் குழு 2011-இல் சொன்னது. தாங்கள் அங்கே தவறிவிட்டோம் என்று 2012 நவம்பரில் ஐநாவின் சொந்த உள் விசாரணையே ஒப்புக்கொண்டது.

அந்த 2012-இல் இன்னொன்றும் நடந்தது. மார்ச் மாதம் ஜெனிவாவில், ஐநா மனித உரிமை மன்றத்தில் இலங்கை மீதான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 15. எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அந்த எட்டில் மலேசியா ஒன்று. அன்று நம் கோபம் எல்லை கடந்தது. இந்த நாட்டில் இத்தனை லட்சம் தமிழர்கள் இருக்கும்போது எப்படி ஒதுங்கலாம் என்று கேட்டோம். சரியாகவே கேட்டோம். ஆனால் அன்று வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் முடிவெடுத்தவர் மனதில் ஓடியதும் "நமக்கு எதற்கு அடுத்தவன் சண்டை" என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். நம்மீது வந்து விழுந்தபோது வலித்த அதே வாக்கியத்தைத்தான் இன்று காசாக்காரன் மீதும் சூடான்காரன் மீதும் நாம் வீசுகிறோம். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்றால், அதே குரலில் பிறர் கேட்கும்போது எழுந்து நிற்கும் கடமையும் நமக்கு உண்டு.

ஐநா படை போனால் மட்டும் என்ன கிழித்தது என்ற கேள்வி அடுத்தது. சில இடங்களில் ஒன்றுமே நடக்கவில்லை, நான் மறைக்கவில்லை. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவை ஐநா "பாதுகாப்பு வலயம்" என்று அறிவித்திருந்தது. 1995 ஜூலையில், டச்சு வீரர்கள் அங்கே இருக்கும்போதே, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் பிரித்துக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்பு வலயம் என்ற சொல் முள்ளிவாய்க்காலை அறிந்தவர் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ருவாண்டாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1994 ஏப்ரல் தொடக்கத்தில் பத்து பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். நமக்கு எதற்கு என்று பெல்ஜியம் தன் படையைத் திருப்பி அழைத்தது. ஏப்ரல் 21 அன்று பாதுகாப்பு மன்றம் அங்கிருந்த படையை 270 பேராகக் குறைத்தது. நூறு நாளில் எட்டு லட்சம் பேர் வரை செத்தார்கள். ஸ்ரெப்ரெனிட்சாவில் போதிய பலம் இல்லாமல் நின்றார்கள்; ருவாண்டாவில் கைவிட்டுப் போனார்கள். இரண்டுமே நாடுகள் தயங்கியதன் விளைவு. இன்னும் தயங்குங்கள் என்று இதிலிருந்து எப்படி முடிவுக்கு வருகிறார்கள்?

நம் கண்ணெதிரே நடந்த நல்லதை மறந்துவிடுகிறோம் என்பதும் உண்டு. ஜார்ஜ்டவுன் லெபு ஆச்சேயில் 1808-இல் கட்டிய பள்ளிவாசல் நிற்கிறது; ஆச்சேயிலிருந்து வந்தவர் எழுப்பியது. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம்தான் ஆச்சே. அங்கே 1976 முதல் ஏறத்தாழ முப்பது வருடம் சண்டை நடந்து பல ஆயிரம் உயிர் போனது. ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 ஆகஸ்டு 15-ஆம் தேதி ஹெல்சிங்கியில் உடன்படிக்கை ஆனதும், ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஐந்து ஆசியான் நாடுகள் கண்காணிப்பாளர்களை அனுப்பின. மலேசியா அதில் ஒன்று. போராளிகள் கொண்டுவந்த 840 துப்பாக்கிகளை எண்ணி வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே வெட்டி அழித்தார்கள். அன்று முதல் ஆச்சே பழைய போருக்குத் திரும்பவில்லை. மிண்டனாவோவிலும் 2004 முதல் பன்னாட்டுக் கண்காணிப்புக் குழுவை நடத்தியது மலேசியாதான். 2014 மார்ச்சில் அங்கே பாங்சாமோரோ உடன்படிக்கை வந்தது. மாறாக, தாய்லாந்தும் கம்போடியாவும் 2025 ஜூலை 28 அன்று புத்ராஜெயாவில் நம் பிரதமர் முன்னிலையில் போர் நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன. எல்லையில் நிற்கப் போதிய கண்காணிப்பாளர்கள் இல்லை. டிசம்பரில் மறுபடி பீரங்கி முழங்கியது. கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதற்கும் எல்லைக்கோட்டில் ஆள் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

எந்தக் கொடியைக் கண்டாலும் பின்னால் ஓடச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2015 டிசம்பரில் சவூதி அரேபியா இஸ்லாமிய நாடுகளின் இராணுவக் கூட்டணி ஒன்றை அறிவித்தபோது மலேசியா ஆதரவு தெரிவித்தது. ஏமனில் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாடு அந்தச் சவூதி. 2017-இல் மன்னர் சல்மான் பெயரில் அனைத்துலக அமைதி மையம் ஒன்றை இங்கே அமைப்பதாகவும் அறிவித்தார்கள். 2018-இல் ஆட்சி மாறியதும் தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு சவூதியில் இருந்த நம் வீரர்களைத் திருப்பி அழைத்தார். அந்த மையத்தையும் மூடினார். அதை நான் முழு மனதோடு வரவேற்றேன். பெயரில் அமைதி இருந்தது. ஆணை ஒரு தரப்பிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நடந்ததும் அதுவே. எதிர்க்க வேண்டியதை எதிர்க்கத் தெரிந்தவனுக்குத்தான் சேர வேண்டியதில் சேரவும் தெரியும்.

ஐநா தொப்பி போட்டவன் எல்லாம் யோக்கியன் என்றும் சொல்ல மாட்டேன். ஹைத்தியில் பணிக்குப் போன இலங்கை வீரர்கள் நூறு பேருக்கு மேல் 2007-இல் பாலியல் சுரண்டலுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஊரில் அவர்களுக்குத் தகுந்த தண்டனை கிடைக்கவில்லை. அதே ஹைத்தியில் 2010-இல் நேப்பாள வீரர்களின் முகாம் கழிவிலிருந்து காலரா பரவி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்தார்கள். இதைப் படித்துவிட்டு "பார்த்தாயா" என்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒழுங்காகப் பயிற்சி பெற்ற படைகள் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடத்தை நிரப்பப் போவது யார்? போர்ட் டிக்சனில் 1996 முதல் அமைதி காப்புக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் நடத்தும் நாடு நம்முடையது.

பணத்தைப் பற்றி ஒரே பத்தி போதும். ஐநாவுக்கு வீரரை அனுப்பும் நாட்டுக்கு, ஆளுக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் ஐநாவே திருப்பித் தருகிறது. ஐநாவின் அமைதி காப்புப் பணிகள் அனைத்துக்கும் 2024-25-இல் ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 560 கோடி டாலர். 2024-இல் உலக நாடுகள் இராணுவத்துக்குக் கொட்டியது 2.7 லட்சம் கோடி டாலர்.

உயிர்க் கணக்குதான் கடினமானது. 1993 அக்டோபர் 3-ஆம் தேதி இரவு சோமாலியாவின் மொகடிஷுவில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க மலேசியக் கவச வாகனங்கள் போயின. ஒரு வாகனத்தை ஓட்டிய பிரெபெட் மட் அஸ்னான் அவாங் திரும்பவில்லை. அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான 'ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா' வழங்கப்பட்டது. அமைதி காக்கப் போன படை ஒரு தலைவனை வேட்டையாடும் படையாக மாறியதால் வந்த இரவு அது. எந்த ஆணையோடு போகிறோம் என்று நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 1948 முதல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அமைதி காப்பாளர்கள் ஐநா பணியில் இறந்திருக்கிறார்கள். 2007 முதல் தென் லெபனானில் நம் படை நிற்கிறது; அந்தப் பணியை 2026 டிசம்பர் 31-உடன் முடிக்கப் பாதுகாப்பு மன்றம் தீர்மானித்துவிட்டது. வீரர்கள் திரும்புவார்கள். அடுத்து எங்கே என்ற கேள்வி அப்போது வரும்.

கடையில் ஒருநாள் ஒரு மலாய் நண்பர், நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஆட்கள் எத்தனை பேர் படையில் இருக்கிறார்கள்?" என்றார். கோபமில்லாமல் கேட்டார். மிகக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளையை அனுப்பச் சொல்வது எளிது என்று அவர் சொல்லாமல் சொன்னது என்னை வீடு வரை குத்திக்கொண்டே வந்தது. இந்த ஒரு மறுப்புக்கு மட்டும் எழுத்தில் பதில் இல்லை.

என் தங்கை மகன் எஸ்பிஎம் முடித்துவிட்டு இரண்டு வருடமாகத் தொழிற்சாலை வேலை பார்க்கிறான். இராணுவத்தில் சேர வேண்டும் என்பது அவன் சின்ன வயது ஆசை. விண்ணப்பம் இணையத்தில் திறந்ததும் என் வீட்டுக் கணினிக்கு வந்தான். தங்கையும் கூட வந்தாள். "நீ எழுதறதெல்லாம் சரிண்ணே," என்றாள். "உன் மருமகன லெபனான், காசான்னு அனுப்பினாங்கன்னா அப்பவும் இதையே எழுதுவியா?"

எழுதுவேன் என்றேன். அவள் பதில் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். "அனுப்பட்டுமா மாமா?" என்று கேட்டான். நான் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அடையாளக்கார்டு எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அனுப்பு என்றேன்.